பூட்டுத் திறக்கப் பழகுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டனில் சாவி வெட்டிக் கொடுக்கும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு மேசை, ஒரு வெட்டும் மெஷின், சுவர் நிறைய வெட்டாத சாவிகள், அவ்வளவுதான். கொஞ்ச காலமாகச் சாவி வெட்ட வருகிறவர்களோடு, போனில் சாவி இல்லாமல் பூட்டுத் திறக்கும் வீடியோ பார்த்துவிட்டு "இது எப்படிண்ணே?" என்று கேட்க வருகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மழை பிடித்தால் கடையில் வேலை குறைவு. அப்படி ஒரு நாள் இரண்டு பேரை உட்கார வைத்துக் காட்டிக் கொடுத்தேன், அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

பெயர் விஷயம் ஒன்று. நாங்கள் சாவி என்பதை யாழ்ப்பாணத்துக்காரர் திறப்பு என்பார். தொங்கவிடும் பூட்டுக்கு ஆமைப்பூட்டு என்று தமிழில் பெயர் உண்டு. சிங்களத்திலும் அது 'இப்பா'தான், அதாவது ஆமை. கீழே வெறுமனே 'பூட்டு' என்று வரும் இடமெல்லாம் இந்த ஆமையைத்தான் சொல்கிறேன்.

"அண்ணே, இது கள்ளன் வேலைதானே? நீங்களே சொல்லிக் கொடுத்தா எப்படி?"

கள்ளனுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. உடைந்த கதவுக்குப் புதுப் பூட்டுப் போட என்னைக் கூப்பிட்ட வீடுகளில் நான் பார்த்தது அலவாங்கு வைத்து நெம்பிய தடம், இல்லாவிட்டால் நாதாங்கியோடு பெயர்ந்து வந்த ஆணி. கூரையில் ஒரு தகரத்தைத் தூக்கினால் உள்ளே இறங்கிவிடலாம் என்னும்போது, எவன் மழையில் குந்திக்கொண்டு கம்பியால் துளாவிக்கொண்டிருப்பான்?

ஆனாலும் நியாயமான கேள்விதான், பழைய கேள்வியும்கூட. 1851இல் லண்டன் பெருங்கண்காட்சிக்கு வந்த ஹொப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர், யாராலும் திறக்க முடியாது என்று ஊரே நம்பிய சப் கம்பனிப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்து காட்டினார். பிராமா கம்பனி ஒரு பூட்டைக் கடை ஜன்னலில் வைத்து, திறப்பவருக்கு 200 கினி (அந்தக் காலத்து இங்கிலாந்துப் பணம்) என்று சவால் விட்டிருந்தது. அதையும் 16 நாட்களில், மொத்தம் 51 மணிநேரம் மினக்கெட்டுத் திறந்தார். (நம் மலைகளில் அப்போது தேயிலை இல்லை, கோப்பிதான்.) இதையெல்லாம் வெளியில் சொல்லலாமா என்று அன்றைக்கே வாக்குவாதம் நடந்திருக்கிறது. சொன்னதால்தான் பூட்டுச் செய்கிறவர்கள் விழித்துக்கொண்டார்கள் என்பது என் கட்சி.

என் மேசையில் இரண்டு நிபந்தனைகள் உண்டு. இதை விளையாட்டாகப் பழகுகிறவர்கள் எந்த நாட்டிலும் சொல்லும் அதே இரண்டுதான். உங்களுடையதல்லாத பூட்டை, சொந்தக்காரர் சரி என்று சொல்லாமல் தொடக்கூடாது. இப்போது ஒரு கதவையோ பெட்டியையோ பூட்டியிருக்கும் பூட்டை, அது உங்களுடையதே ஆனாலும் பழகுவதற்கு எடுக்கக்கூடாது. இரண்டாவதை மீறி நான் பட்ட பாடு பின்னால் வருகிறது.

"பொலிஸ் பிடிச்சா?"

உங்கள் வீட்டில் உங்கள் பூட்டை நோண்டுவதற்கு யாரும் பிடிக்கப் போவதில்லை. அடுத்தவர் வீட்டுக்குள் களவெடுக்கப் பூட்டைத் திறந்து நுழைந்தால் அது வீடுடைத்தல். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை காலத்திலிருந்தே அது குற்றம். கதவை நோகாமல் திறந்தேன் என்று வாதாட முடியாது.

நடைமுறையில் என் புத்திமதி இதுதான்: பூட்டுத் திறக்கும் கம்பிகளை வீட்டிலேயே வையுங்கள். இரவு பத்து மணிக்கு டவுனில் நிற்கும்போது சட்டைப் பையில் அவை இருந்தால், 'இது என் பொழுதுபோக்கு சார்' என்ற விளக்கம் எடுபடாது.

"பூட்டுக்குள்ள என்னதான் இருக்கு? சாவியப் போட்டா எப்படித் தொறக்குது?"

இதற்காகவே ஒரு பழைய பித்தளைப் பூட்டைப் பக்கவாட்டில் அறுத்து மேசையில் வைத்திருக்கிறேன். அதைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்குப் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். உங்களுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பூட்டின் உடலுக்குள் ஓர் உருளை இருக்கிறது. சாவி நுழைகிற துளை அந்த உருளையில்தான். உருளை திரும்பினால் மேல்வளையம் விடுபடும். திரும்பவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பவை பின்கள். உடலிலிருந்து உருளைக்குள் வரிசையாக நாலைந்து சிறு துளைகள் இறங்குகின்றன. ஒவ்வொன்றிலும் கீழே ஒரு பின், அதன் தலைமேல் இன்னொரு பின், அதற்கும் மேலே ஒரு ஸ்பிரிங். கீழ்ப்பின்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். சாவி இல்லாதபோது ஸ்பிரிங் அழுத்துவதால் மேற்பின் பாதி உருளைக்குள்ளும் பாதி உடலுக்குள்ளுமாகக் குறுக்கே நிற்கும். தாழ்ப்பாள் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள், நாலைந்து தாழ்ப்பாள்.

சரியான சாவி உள்ளே போனால் அதன் மேடு பள்ளங்கள் ஒவ்வொரு கீழ்ப்பின்னையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கும். அப்போது மேற்பின்னும் கீழ்ப்பின்னும் சந்திக்கும் இடம், உருளையும் உடலும் சந்திக்கும் இடத்துக்கு நேராக வந்து நிற்கும். அந்த இடத்தை எல்லைக்கோடு என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பின்களும் எல்லைக்கோட்டில் பிரிந்துவிட்டால் குறுக்கே ஒன்றும் இல்லை, உருளை திரும்பும். ஒரு பின் ஒரு மயிரிழை ஏறினாலும் இறங்கினாலும் திரும்பாது. இந்த வடிவத்துக்கு லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் 1861இல் காப்புரிமை எடுத்தார். அவருடைய அப்பாவும் அதே பெயர், அதே தொழில். பின் போடும் யோசனை அவர்களுக்கும் மிக முந்தியது. பழைய எகிப்தில் மரத்திலேயே செய்திருக்கிறார்கள்.

"அவ்வளவு கணக்கா இருந்தா, சாவி இல்லாம எப்படித் தொறக்கும்?"

துளைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில், ஒரே அளவில் துளைக்கப்பட்டிருந்தால் திறக்கவே முடியாது. எந்தத் தொழிற்சாலையாலும் அப்படித் துளைக்க முடிவதில்லை. ஒரு துளை கண்ணுக்குத் தெரியாத அளவு இடப்பக்கம் தள்ளியிருக்கும், இன்னொன்று வலப்பக்கம், ஒரு பின் கொஞ்சம் தடிப்பாக இருக்கும். விலை குறைந்த பூட்டில் இந்தப் பிசகு அதிகம்.

அதனால் உருளையை லேசாகத் திருப்பப் பார்த்தால் எல்லாப் பின்களும் ஒரே நேரத்தில் இறுகுவதில்லை. மிகவும் தள்ளியிருக்கிற ஒன்று மட்டும் முதலில் இறுகும், மற்றவை ஸ்பிரிங்கின் மேல் சும்மா ஆடும். இறுகிய அந்த ஒன்றைத் தேடி மெல்ல உயர்த்தினால், அதன் மேற்பின் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் உருளை ஒரு மயிரிழை திரும்பும். திரும்பிய உருளையின் விளிம்பு ஒரு படி மாதிரி ஆகிவிடுவதால் மேற்பின் திரும்ப இறங்காமல் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். இப்போது இன்னொரு பின் இறுகும். அதையும் தேட வேண்டும். முழு வித்தையும் இவ்வளவுதான்.

"எந்தப் பூட்டில தொடங்குறது?"

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்னப் பித்தளைப் பூட்டு, சாவியோடு. முதலில் சாவியைப் போட்டு நாலு தரம் திறந்து, எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு திரும்புகிறது என்று கைக்குப் பழக்குங்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பூட்டு ஒன்றை இணையத்தில் விற்கிறார்கள். உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம், ஒரு நாளைக்கு நல்லது. அதிலேயே பழகினால் கண் வேலை செய்யும், விரல் தூங்கிவிடும்.

என்னிடம் வருகிறவர்களுக்கு இரண்டே பின் விட்டு, மற்றவற்றைக் கழற்றிய பூட்டைத்தான் முதலில் தருவேன். அது திறந்தால் மூன்று, பிறகு நாலு. முதல் நாளே ஐந்து பின்னோடு மல்லுக்கட்டியவர்களில் பாதிப்பேர் இரண்டாம் நாள் வரவில்லை.

"சாமான் எங்க வாங்குறது? ஹெயார்பின் போதாதா?"

படத்தில் போதும். உண்மையில் ஹெயார்பின் வளைந்துவிடும். பின் நகர்ந்ததா கம்பி வளைந்ததா என்று உங்களுக்கே தெரியாது.

வேண்டியது இரண்டு. உருளையைத் திருப்பிப் பிடிக்கும் டென்ஷன் கம்பி, பின்னைத் தூக்கும் பிக். டென்ஷன் கம்பிக்கு பஸ் கராஜில் கேட்டுப் பாருங்கள். தேய்ந்துபோன வைப்பர் ரப்பரின் இரு பக்கமும் ஓடும் மெல்லிய ஸ்டீல் பட்டியை எறிந்து வைத்திருப்பார்கள். அதில் ஒரு விரல் நீளம் வெட்டி, நுனியில் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக மடித்தால் கம்பி தயார். நம் பக்கத்து மழைக்கு வைப்பருக்குப் பஞ்சமே கிடையாது.

பிக் செய்ய ஹெக்சோ பிளேட். பல்லை அரைத்து எடுத்துவிட்டு, அரை மில்லிமீட்டரை ஒட்டிய தடிப்பில் ஒல்லியாக்கி, நுனியைச் சற்றே மேல்நோக்கி ஒரு சிறு கொக்கியாக விடுங்கள். அரைக்கும்போது அடிக்கடி தண்ணீரில் தோய்க்க வேண்டும். நீலம் பாய்ந்துவிட்டால் இரும்பின் பதம் போய்விட்டது, எறிந்துவிட்டு அடுத்த துண்டை எடுங்கள். கடைசியில் எமரித் தாளால் நன்றாக வழவழப்பாக்குங்கள். சொரசொரப்பான பிக் உரசும் உரசலில், பின் சொல்வது விரலுக்குக் கேட்காது.

"டென்ஷன் கம்பிய எவ்வளவு அமத்தணும்?"

நீங்கள் நினைப்பதில் பத்தில் ஒரு பங்கு. டென்ஷன் கம்பிக்குத்தான், உங்களுக்கு வேண்டாம் என்று வருகிறவர்களிடம் சொல்வேன், சிரிப்பார்கள், அடுத்த நிமிடம் கம்பி வில்லாக வளைந்திருக்கும். பிள்ளைகள் எல்லோரும் விழும் குழி இதுதான். பலமாக அமத்தினால் எல்லாப் பின்களும் ஒரேயடியாக இறுகிவிடும். எது முதலில் இறுகியது என்று தேட வழியே இருக்காது.

என் மேசையில் இதை எல்லோரையும்விட வேகமாகப் பிடித்துக்கொண்டவர், தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா. கடை ஷட்டருக்குச் சாவி வெட்ட வந்தவர், பையன்கள் வியர்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து "இங்க தா, பாப்பம்" என்று வாங்கினார். கம்பியில் சுட்டுவிரலை வைத்த மாதிரியும் இருந்தது, வைக்காத மாதிரியும் இருந்தது. விரல் நகம் வெளுக்கவே இல்லை. மூன்று பின் பூட்டு, ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கும் நேரத்தில் திறந்துவிட்டது. கேட்டதற்கு, "நூல் இறுக்கம் மாதிரித்தானே தம்பி. கூடினா அறுந்திரும், குறைஞ்சா தொங்கும்" என்றார். இருபது வருடம் மெஷினில் அந்தச் சின்னத் திருகைத் திருகிய கை.

நீங்களே சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். கம்பியை அமத்தும் விரலின் நகத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் கூடிப்போய்விட்டது.

"சரி, ஒண்ணு ஒண்ணா எப்படிச் செய்றதுன்னு சொல்லுங்க"

பூட்டை இடது கையில், சாவித்துளை உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். சாவித்துளையில் பின்கள் இல்லாத ஓரத்தில் டென்ஷன் கம்பியின் மடித்த நுனியைச் செருகி, திறக்கும் பக்கமாக மேலே சொன்ன அளவு மட்டும் அமத்துங்கள். பிக்கைக் கடைசிவரை உள்ளே விட்டு, பின்னாலிருந்து முன்னால் வரும்போது ஒவ்வொரு பின்னையும் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஸ்பிரிங் மாதிரித் துள்ளுகிறதா, விட்டுவிடுங்கள். கல் மாதிரி நிற்கிறதா, அதுதான் இறுகிய பின்.

அதை மெல்ல உயர்த்துங்கள். 'டிக்' என்று ஒரு சிறு அசைவு பிக்கிலும் கம்பியிலும் தெரியும். சத்தம் என்று சொல்கிறோமே தவிர, அது காதுக்கு வருவதைவிட விரலுக்குத்தான் வரும். உடனே நிறுத்திவிட்டு, டென்ஷனை விடாமல் அடுத்த இறுகிய பின்னைத் தேடுங்கள். அது பக்கத்துப் பின்னாக இருக்கவேண்டும் என்றில்லை. நாலாவது, பிறகு முதலாவது, பிறகு மூன்றாவது என்று எப்படியும் வரலாம். ஒரு பூட்டுக்கு அந்த வரிசை பெரும்பாலும் மாறாது. அதனால் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

"டிக் டிக்னு எல்லாம் கேட்டிச்சு. ஆனா தொறக்கல"

அனேகமாக ஒன்றைக் கூடுதலாகத் தூக்கிவிட்டீர்கள். கீழ்ப்பின்னே எல்லைக்கோட்டைத் தாண்டி உடலுக்குள் ஏறி மாட்டிக்கொண்டிருக்கும். இனி எவ்வளவு நோண்டினாலும் அது இறங்காது. டென்ஷனை மெல்ல, மெல்லத் தளர்த்துங்கள். பின்கள் ஒவ்வொன்றாக விழுவது கேட்கும். எண்ணுங்கள். கொஞ்சம் தளர்த்தியதுமே தனியாக ஒன்று விழுந்து, மற்றவை அப்படியே நின்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம், அந்த ஒன்றை மட்டும் திரும்பச் செய்தால் போதும். எல்லாம் விழுந்தால் முதலிலிருந்து.

இன்னொரு காரணம், பூட்டு காய்ந்து அல்லது துருப்பிடித்துப்போய், பின்னும் துளையும் ஒட்டிக்கொண்டிருப்பது. அதற்குக் கீழே தேங்காய் எண்ணெய்க் கேள்வியைப் பாருங்கள்.

"வீடியோவில பத்து செக்கன்ல தொறக்கிறானே, அது பொய்யா?"

பொய் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பூட்டை அவர் அதற்கு முன் நாற்பது தடவை திறந்திருப்பார், வீடியோவில் நாற்பத்தோராவது தடவை வந்திருக்கும். அல்லது, பல மேடுள்ள பிக்கை உள்ளே விட்டு முன்னும் பின்னும் ஆட்டுவார். அதற்கு ரேக்கிங் என்று பெயர். மலிவான பூட்டில் பின்களின் நீளம் அதிகம் வித்தியாசப்படாவிட்டால் அதிலேயே திறந்துவிடும். தப்பில்லை. ஆனால் அதில் நீங்கள் எதையும் கற்றுக்கொள்வதில்லை, பூட்டுத்தான் தோற்றுப்போகிறது. ஒவ்வொரு பின்னாகச் செய்யப் பழகிய பிறகு ரேக்கை எடுங்கள்.

"உருளை கொஞ்சம் திரும்பி அப்படியே நிக்குது அண்ணே. பூட்டு கெட்டுப்போச்சா?"

கெடவில்லை, நீங்கள் அடுத்த வகுப்புக்கு வந்துவிட்டீர்கள். நல்ல பூட்டுகளில் சில மேற்பின்கள் நூல் சுற்றும் கட்டை மாதிரி இருக்கும், நடுவில் ஒடுங்கி இரண்டு முனையிலும் விரிந்து. அந்த ஒடுங்கிய இடுப்பு எல்லைக்கோட்டுக்கு வரும்போது உருளை நன்றாகத் திரும்பும், திறந்துவிட்டது என்றே தோன்றும். பிறகு விரிந்த முனை மாட்டி நின்றுவிடும்.

அப்போது ஒவ்வொரு பின்னையும் லேசாக உயர்த்திப் பாருங்கள். ஒன்றைத் தூக்கும்போது உருளை திரும்பி வர, அதாவது பூட்டும் பக்கம் போகப் பார்க்கும். கம்பி உங்கள் விரலைத் தள்ளும். அதுதான் அந்தக் கள்ளப்பின். மல்லுக்கட்டாமல் டென்ஷனைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், உருளை பின்னால் வரட்டும், பின் ஏறிப் போய் உட்காரும். இதைச் செய்யும்போது உட்கார்ந்த வேறொரு பின் விழுந்துவிடுவதும் உண்டு. அதைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். நான் இதைப் பிடிக்க இரண்டு மாதம் ஆனது, எனக்கு விட்டுக்கொடுக்கிற குணம் குறைவு.

"தாத்தாவோட டிரங்குப் பெட்டிப் பூட்டு, பெரிய சாவி. அதுவும் இப்படித்தானா?"

இல்லை. சாவியின் நுனியில் மட்டும் ஒரு கொடி மாதிரிப் பல் இருந்தால் அது வேறு குடும்பம். உள்ளே பின் கிடையாது, தகடுகள். ஒவ்வொரு தகட்டையும் சாவி ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்கினால் தான் நாக்கு நகரும். இதை லீவர் பூட்டு என்பார்கள். திண்டுக்கல் பூட்டு என்று பெயர் பெற்றவை பெரும்பாலும் இந்த ஜாதி. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கடல் தாண்டி வந்த டிரங்குப் பெட்டிகளில் இன்னும் சிலது தொங்குவதைப் பார்க்கிறேன்.

அதைப் பழகுவதற்கு எடுக்க வேண்டாம். கருவி வேறு, அழுத்தம் வேறு, முக்கியமாக அதே மாதிரி இன்னொன்று கிடைக்காது. பழைய பங்களாக் கதவுகளில் இருக்கும் சில பூட்டுகளில் தகடும் இல்லை, தவறான சாவியைத் தடுக்கும் சில மேடுகள் மட்டுமே. அவை பயமுறுத்தும் அளவுக்குப் பாதுகாப்பு கிடையாது.

"பூட்டு இறுகிப் போச்சு, தேங்காய் எண்ணெய் விட்டேன். இப்ப சாவியே போகுதில்ல"

இந்தக் கேள்விக்கு மட்டும் மாதம் பத்துப் பூட்டாவது வருகிறது. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகையில் உறைந்துவிடும். கொழும்பில் போத்தலில் அது தண்ணியாக இருக்கும். நுவரெலியாவில் காலையில் போத்தலைக் கவிழ்த்தாலும் விழாது, அடுப்படியில் வைத்துத்தானே உருக்குகிறோம். அதே எண்ணெய் பூட்டுக்குள்ளும் உறையும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. போன வாரம் ஒன்றைத் திறந்தேன். பின் துளைகளில் வெள்ளை மெழுகு மாதிரி, அதில் தூசியும் சட்டைப்பை நூலும் குழைந்து ஒரு பசை. ஸ்பிரிங் அதற்குள் அசைய முடியாமல் கிடந்தது.

பூட்டுக்கு வேண்டியது கிராஃபைட் தூள். கிடைக்காவிட்டால் பென்சில் நுனியைச் சாவியின் பல்லில் நன்றாகத் தேய்த்து, உள்ளே விட்டு எடுங்கள், பத்துத் தடவை. ஏற்கெனவே எண்ணெய் விட்ட பூட்டில் தூளைப் போடாதீர்கள், அது சாந்தாகிவிடும். முதலில் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஆட்டி, காயவைத்த பிறகுதான் தூள். மழைக்காலத்தில் வெளிக் கதவில் தொங்கும் பூட்டுக்கு மேலே ஒரு ரப்பர் துண்டைக் கூரை மாதிரி ஆணியடித்து வைத்தால் பாதித் துரு மிச்சம்.

"பழகிப் பழகிப் பூட்டு கெட்டுப் போகாதா?"

கொஞ்சம் கெடும். பித்தளை மென்மையானது, பிக் உரசி உரசிப் பின்னின் நுனி தேயும், பலமாக அமத்தினால் சாவித்துளை வாய் விரியும். அதனால்தான் இரண்டாவது நிபந்தனை. இன்னொன்று: திறந்ததும் உற்சாகத்தில் உருளையைத் தலைகீழாகத் திருப்பிவிடாதீர்கள். சில பூட்டுகளில் மேற்பின்கள் சாவித்துளைக்குள்ளேயே இறங்கி மாட்டிக்கொள்ளும்.

"எங்க காம்பராச் சாவி தொலைஞ்சா நானே தொறந்துக்கலாம்தானே?"

இப்போது என் கதை. பழகத் தொடங்கி மூன்றாவது மாதம், என் வீட்டுக் கதவுப் பூட்டை வெளியிலிருந்து திறந்து பார்க்க ஆசை வந்தது. சாவி உள்ளே மேசையில். ஆள் எவ்வளவு தைரியசாலி பாருங்கள். நல்ல மழை, ஆறு மணிக்கே இருட்டு. இருபது நிமிடம் கழித்து, அவசரத்தில் பலமாக அமத்த, பிக் நுனி ஒடிந்து சாவித்துளைக்குள்ளேயே நின்றுவிட்டது. இனி சாவி இருந்தாலும் போகாது. அன்றிரவு பக்கத்து வீட்டு இஸ்தோப்பில் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். காலையில் நாதாங்கியை அறுத்தார்கள். சாவி வெட்டுகிறவன் வீட்டு நாதாங்கியை அறுப்பதைப் பார்க்க லயமே, எங்கள் வரிசை வீடு முழுக்க, கூடியது.

அதனால், உண்மையிலேயே தொலைந்தால் தெரிந்த ஒரு சாவிக்காரரைக் கூப்பிடுங்கள். அவர் உங்கள் வீடுதானா என்று கேட்டால் கோபிக்காதீர்கள். நான் அடையாள அட்டை கேட்பேன், பக்கத்து வீட்டில் ஒருவரையும் கூப்பிட்டு நிற்க வைப்பேன். கேட்காமல் திறந்து கொடுப்பவரிடம்தான் பயப்பட வேண்டும்.

"இவ்வளவு லேசாத் தொறக்கும்னா நாங்க பூட்டுறது எதுக்கு?"

உங்களுக்கு இத்தனை நாள் எடுத்தது லேசா? சரி, பூட்டை மாற்றுவதற்கு முன் கதவைப் பாருங்கள். நாதாங்கியின் ஸ்குரு வெளியில் தெரிகிறதா? தெரிந்தால் ஒரு ஸ்குரு டிரைவர் போதும், பூட்டைத் தொடவே வேண்டியதில்லை. பூட்டியதும் ஸ்குருவை மூடிக்கொள்ளும் நாதாங்கி விற்கிறது. அதை ஆணியால் அடிக்காமல், பலகையைத் துளைத்துப் பின்பக்கம் நட் போட்டு இறுக்குங்கள். வளையத்துக்கும் நாதாங்கிக்கும் இடையில் அலவாங்கு நுனி நுழைய இடம் இருக்கக்கூடாது, ஆகவே பூட்டு சின்னதாக, வளையம் தடிப்பாக இருக்கட்டும்.

இதற்குப் பிறகும் காசு இருந்தால் பின்னே இல்லாத, வட்டத் தகடுகள் வைத்த பூட்டு வாங்கலாம். பின்லாந்தில் எமில் ஹென்ரிக்சன் என்பவர் 1907இல் கண்டுபிடித்தது. ஸ்பிரிங் இல்லாததால் குளிருக்கும் அழுக்குக்கும் அசராது. மேலே சொன்ன முறை எதுவும் அதில் செல்லாது.

"சாவியைக் கையில தராம, போட்டோ மட்டும் அனுப்பினா வெட்டித் தருவீங்களா?"

மாட்டேன், முடியாததால் அல்ல. நேராக எடுத்த படம் ஒன்று இருந்தால் ஒவ்வொரு பள்ளத்தின் ஆழத்தையும் கணக்குப் பண்ணிவிடலாம். 2008இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்து ஆய்வாளர்கள், தூரத்துக் கூரையிலிருந்து எடுத்த படத்தை வைத்தே சாவி வெட்டிக் காட்டினார்கள். ஆகவே புதுவீடு குடிபுகும் சந்தோஷத்தில் சாவியைக் கையில் தூக்கிப் பிடித்து முகநூலில் போடுகிறவர்கள், பல்லை விரலால் மறைத்துக்கொண்டு போடுங்கள்.

"எம் மகனுக்குப் பதிமூணு வயசு. இதுக்கு விடலாமா, கெட்டுப் போயிருவானா?"

ஓர் அம்மா கேட்டார், பையன் வெளியே நின்றுகொண்டிருந்தான். வாரத்தில் ஒரு நாள், உங்கள் கண்முன்னே, அவனுக்கென்று வாங்கிய இரண்டு பூட்டோடு என்றால் விடுங்கள் என்றேன். நீங்களும் அவனோடு உட்காருங்கள் என்றும் சொன்னேன். "எனக்கெதுக்குங்க" என்றார். இரண்டு பின் பூட்டைக் கையில் கொடுத்தேன். நகம் வெளுக்கிறது என்று பையன்தான் சொல்லிக்கொண்டிருந்தான். ஹட்டனிலிருந்து அவர்கள் ஊருக்குப் போகும் கடைசி பஸ் ஹோர்ன் அடிக்கும்வரை பூட்டு திறக்கவில்லை. அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினார்.